மூன்று தடவை

"இருபது வருஷமா தகரக் கூரை போடுற மனுஷன். பாதுகாப்பு பெல்ட் மாட்டலைன்னு நேத்து எல்லார் முன்னாடியும் மூணு தடவை ஏணியிலேர்ந்து இறக்கிவிட்டாங்களாமே. பயிற்சி குடுக்கிற லட்சணமா இது?"

கணவரின் முழங்கைச் சிராய்ப்பில் மருந்து தடவிக்கொண்டே மனைவி பொரிந்தாள்.

"மெதுவா பேசு."

"எதுக்கு? காதுல விழட்டும்."

"இன்னைக்கு பெல்ட்டை மாட்டிட்டுத்தான் ஏறினேன். ஷீட்ல ஈரம், கால் வழுக்கிடுச்சு. விளிம்பைத் தாண்டி அந்தரத்துல தொங்கினேன். பெல்ட்டுக் கயிறு பிடிச்சதால இந்தச் சிராய்ப்போட போச்சு."

அவள் கை நின்றது.

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு மாடி."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே, முதுகில் 'பயிற்றுநர்' என்று எழுதிய சட்டையைக்கூட மாற்றாமல் மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.

"நேத்துலேர்ந்து உன்கிட்ட முகங்கொடுத்துப் பேசலை. மனசுல வச்சுக்காதே. நீ போய் உட்காரும்மா, நான் சமைக்கிறேன்."

"பரவாயில்லை அத்தை."

"இன்னொன்னு. உன் மாமா இனிமே பெல்ட் இல்லாம ஏறினார்னா, மூணு தடவையோட விட்டுடாதே."