கல்லில் இருந்த உயிர்

முந்நூறு கோடி ஆண்டுப் பழைய கல்லில் உயிரின் தடயம் இருப்பதாகக் கருவி காட்டியது. உயிருள்ளவை கார்பனில் எடை குறைந்த வகையைத்தான் விரும்பி எடுத்துக்கொள்ளும். இந்தக் கல்லில் அது அளவுக்கு மீறி இருந்தது.

"மேடம், உலகமே நம்ம லேபைத் திரும்பிப் பார்க்கப்போகுது" என்று குதித்தான் நசீமாவுடன் வேலைபார்க்கும் லூர்து.

"மேல ஒட்டின அழுக்கெல்லாம் எரிஞ்சுபோக சாம்பிளை உலையில சுட்டியா?"

"அவசரத்துல அப்படியே சுரண்டி எடுத்துட்டேன்."

நசீமா நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கல்லை மலையிலிருந்து அனுப்பியது நிலவியலாளரான அவள் கணவர் ஜாபர். ஈரம் பட்டால் கல்லிலுள்ள தாதுமணிகள் தெளிவாகத் தெரியுமென்று எந்தக் கல்லையும் நக்கிப் பார்ப்பார். "சின்னப்பிள்ளை மாதிரி நக்காதீங்க, சாம்பிள் கெட்டுப்போகும்" என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். இதை அனுப்பிய மறுநாள் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார்.

"இது எச்சில், லூர்து. சுட்டுட்டு மறுபடி பார்ப்போம்."

"யாரோட எச்சில் மேடம்?"

அவள் உலையைப் போட்டாள். அது சூடேறியதும் மேசையிலிருந்த கல்லை இடுக்கியால் எடுத்தாள். உள்ளே வைக்குமுன், ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.