மூன்று பேர் கணக்கு

மதில் சுவரில் வேலை வெட்டி இல்லாத பல்லி ஒன்று இருந்தது. மூன்று மூன்று பேராகச் சேர்த்து, அவர்களுக்குள் யாரோடு யார் பேசுகிறார்கள் என்று வகை பிரித்து எண்ணுவதுதான் அதன் முழுநேரப் பிழைப்பு.

அணில், காக்கையோடு சேர்ந்து மதில் மேல் வைத்த சோற்றைத் தின்னும். பிறகு மைனாவோடு கொய்யா மரத்தில் விளையாடும். காக்கையும் மைனாவும் பேசிக்கொண்டதே இல்லை. அது யாருக்கும் ஒரு குறையாகப் படவுமில்லை.

"காக்கையக்கா, அணிலுக்கு ரெண்டு சிநேகிதம். உனக்கு ஒண்ணுதான். சும்மா எண்ணிச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றது பல்லி. மைனாவிடமும் போய் அதையே சொல்லிவிட்டு வந்தது.

மறுநாள் சோறு தின்ன வந்த அணிலைக் காக்கை கொத்தித் துரத்தியது. "உனக்குத்தான் அங்கே ஆள் இருக்கே, போயேன்!"

அணில் கொய்யா மரத்துக்கு ஓடியது. "அவ துரத்தினப்புறம்தான் என் ஞாபகம் வந்துதாக்கும்?" என்று மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அணில் மதிலுக்குத் திரும்பி வந்து தனியாக உட்கார்ந்தது. "நான் என்ன தப்பு பண்ணினேன், பல்லி?"

"கொஞ்சம் அசையாம இரு" என்றது பல்லி. "மூணு பேர், ஒருத்தருக்கொருத்தர் ஒரு உறவும் இல்லை. இந்த வகை ஒண்ணுதான் என் கணக்கில் இல்லாம இருந்துது."