ஐஸ் பெட்டி

படத்தில் மழை பெய்தது. இன்ஜின் பழுதாகிப் பத்து நாள் கடலில் கிடந்த மீனவனாக நடித்தவன் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக் குடித்தான். அரங்கம் கைதட்டியது. நிஜத்தில் அப்படிக் கிடந்த கலியன் மூன்றாவது வரிசையில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். மழை பெய்ததாக இயக்குநரிடம் சொன்னவன் அவன்தான். ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை.

மூன்றாம் நாள் செத்துப்போன கூட்டாளி வீரமுத்துவைக் கடலில் தள்ள மனம் வரவில்லை. உடம்பு ஊர் மண்ணுக்குப் போய்ச் சேரவேண்டும். மீன்களை அள்ளி வீசிவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் அவனை மடக்கி வைத்தான். மறுநாள் குடிதண்ணீர் தீர்ந்தது. பெட்டிக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. மேலே எண்ணெய் மாதிரி ஏதோ மிதந்தது. கலியன் சட்டையைக் கழற்றி வடிகட்டினான். முதல் வாய் குமட்டிக்கொண்டு வந்தது. அதையும் விழுங்கினான்.

இடைவேளையில் வீரமுத்துவின் மனைவி அஞ்சலை அவனிடம் வந்தாள்.

"அவர மீனுக்குப் போடாம எங்கிட்ட கொண்டாந்து சேத்தீங்களேண்ணே. அந்தப் புண்ணியந்தான் மழையா வந்து ஒங்களக் காப்பாத்தியிருக்கு."

அவன் தலையசைத்தான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"இப்புடி வேர்க்குதே. இதக் குடிங்க."

அவள் நீட்டிய கோப்பையில் ஜூஸுக்கு மேல் ஐஸ் பாதி உருகியிருந்தது. கலியன் வாங்கிக்கொண்டான். படக் கம்பெனி எடுத்துக்கொடுத்த புதுச் சட்டையின் நுனியை இழுத்துக் கோப்பையின் வாயை மூடி, துணி வழியாக உறிஞ்சத் தொடங்கினான். அஞ்சலை பார்த்துக்கொண்டே நின்றாள்.