தவளை மனப்பாடம் செய்த பாட்டு

டீக்கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தவளையும் கரிச்சான் குருவியும் சில்வண்டும் ஜாஸ் கச்சேரி வைத்தார்கள். ஜாஸ் என்றால் பாட்டின் நடுவே ஒவ்வொருவரும் தனியாக, அந்த நிமிஷம் மனசில் தோன்றுவதைப் பாட வேண்டும். தவளைக்கு எதுவும் தோன்றாது, பயம்தான் வரும். அதனால் கிணற்றடியில் ஒளிந்து ஒரு பாட்டைத் தயார் செய்து, ஒரு மூச்சு பிசகாமல் மனப்பாடம் பண்ணியிருந்தது.

முதலில் பாடும் முறை கரிச்சானுக்கு. அது பாட ஆரம்பித்ததும் தவளை துள்ளி எழுந்தது. அதே பாட்டு!

கரிச்சான் முடித்ததும் தவளை பல்லைக் கடித்தது. "டேய், அது என்னோடதுடா!"

"கிணத்துப் பக்கம் கேட்டுச்சு, அப்படியே வாயில வந்துருச்சு. உன்னோடதா மச்சி? சரி, நீ வேற பாடு!"

வேறயா? வேற எங்கே இருக்கிறது?

முன்வரிசையில் ஆடு அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தவளை வாயைத் திறந்தது. விக்கல்தான் வந்தது.

சில்வண்டு சும்மா இருக்குமா? அந்த விக்கலுக்குக் 'கிர்ர்' என்று ஒரு தாளம் போட்டது. மறுபடி விக்கல், மறுபடி கிர்ர். ஆடு தலையாட்டியது. கொட்டகையே ஆடியது.

"செம மச்சி! அடுத்த வாரம் என்ன பண்ணப் போற?" என்றது கரிச்சான்.

தவளை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த விக்கலை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனது.

கேட்டுக்கொண்டே பின்னால் பறந்து வந்த கரிச்சானுக்கும் அதுதான் வழி.