கருத்துப்போன ஃபிலிம்

“ஏம்மா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா கன்னத்துல வெரலு பதியுமா?”

ஒரு குழந்தை என்றோ கேட்ட கேள்வி. பல் ஆஸ்பத்திரியில், பூங்குழலியின் வாய்க்குள் ஃபிலிமை வைத்தபோது எக்ஸ்ரே எடுக்கும் சாரதாமணிக்கு அது மறுபடியும் கேட்டது.

பூங்குழலியின் கன்னத்தில் நாலு விரல் பதிந்திருந்தது. பாத்ரூமில் விழுந்துவிட்டாள் என்றான் புருஷன் மோகன்ராஜ். பனியன் கம்பெனியிலிருந்து நேராக அழைத்து வந்திருந்தான். மெல்ல முடியாமல் சோற்றை யாருக்கோ கொடுத்துவிட்ட காலித் தூக்குப் போசி, அவளுடைய பையில் இருந்தது.

கம்ப்யூட்டரில் படம் காட்டும் புது எக்ஸ்ரே மெஷினைப் பத்து நாள் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லி, விற்பவர்கள் கொடுத்திருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் இரண்டு படம். புதியதில் ஒன்று, பழைய ஃபிலிமில் ஒன்று. எது தெளிவு என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

திரையில் படம் உடனே வந்தது. கடைவாய்ப் பல்லுக்குக் கீழே ஏதோ இழை. டாக்டர் வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். பிடிபடவில்லை.

சாரதாமணி ஃபிலிமோடு இருட்டறைக்குள் போனாள்.

சிவப்பு விளக்கில் அது துலங்கி வந்தது. தாடை எலும்பில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு.

வெளியே டாக்டரின் குரல் கேட்டது. தாடை உடைந்த மாதிரி தெரிகிறது, ஃபிலிமிலும் பார்த்துவிட்டுப் போலீசுக்கு எழுத வேண்டும் என்றார்.

அடுத்து கண்ணாடி நொறுங்கியது. பூங்குழலி அலறினாள். சதையில் அடி விழும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று.

இப்போது கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டு ஃபிலிம் கெட்டுவிடும். சென்னிமலையானை வேண்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி சாரதாமணி உள்ளேயே நின்றாள். உதட்டில் ரத்தம் வந்தது.

ஃபிலிமைக் கழுவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கம்ப்யூட்டர் துண்டு துண்டாகக் கிடந்தது. பூங்குழலியின் கூந்தல் மோகன்ராஜின் பிடியில் இருந்தது.

“எங்கய்யா ஒடஞ்ச தாடை? இப்பக் காட்டு பாக்கலாம்!”

டாக்டர் சாரதாமணியைப் பார்த்தார்.

“சத்தத்துல கதவத் தொறந்துட்டனுங்க சார். ஃபிலிம் கருத்துப் போச்சுங்க.”

மோகன்ராஜ் சிரித்தான். கண்ணாடி கிழித்த அவன் கைக்கு, டாக்டர் கட்டுப் போட்டார்.

பூங்குழலியின் பை வெளிப் பெஞ்சில் கிடந்தது. சாரதாமணி போசியைத் திறந்தாள். அவன் இதைத் திறக்கமாட்டான். பெண்டாட்டியின் போசியைக் கழுவுகிறவனா அவன்?

ஒன்பது வருடத்துக்கு முன், புருஷனிடம் அடிபட்டு இதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கழுவத் திறந்த தன் போசிக்குள்ளும் ஈரத்தோடு ஒரு ஃபிலிம் இருந்தது. அப்போது இங்கே வேலை பார்த்த மருதம்மாள் சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதைப் போலீசில் காட்டித்தான் சாரதாமணி அந்த வீட்டைவிட்டு வெளியே வந்தாள், கன்னத்தில் விரல் பதியுமா என்று கேட்ட மகளைத் தூக்கிக்கொண்டு.

ஃபிலிமை வைத்து மூடியை அழுத்தினாள்.

யாரும் பார்க்கவில்லை.