பேயண்ணனின் முதல் வாசகி

"உட்காரு, ஒண்ணுவிடாம வாசிக்கிறேன்" என்று புத்தகத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார் கணவர்.

மடித்துக்கொண்டிருந்த துணி அப்படியே அவள் கையில் நின்றது. காய்ந்த துணியெல்லாம் சோபாவில் குவிந்து கிடந்தது. பாதியில் எழுந்து ஓடவும் வழியில்லை.

புத்தகம் அன்று மதியம்தான் பதிப்பகத்திலிருந்து வந்திருந்தது. அவருடைய பேய் நாவல்களுக்கு இத்தனை வருஷமாகப் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களையெல்லாம் தேடிப்பிடித்து ஒரே தொகுப்பாகப் போட்டிருந்தார்கள். வாழ்த்தும் இருந்தது, வசவும் இருந்தது. வசவைப் படிக்கும்போதுதான் மனுஷனுக்கு இன்னும் குஷி.

அவளுக்கோ எப்படித் தப்பிப்பது என்றே யோசனை.

விஷயம் இதுதான். ஊரில் ஒருத்தரையும் விளக்கை அணைக்கவிடாத மனுஷன், வாசகர்கள் 'பேயண்ணன்' என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் மனுஷன், அவர் எழுதிய நாவல் ஒன்றைக்கூட அவர் பெண்டாட்டி படித்ததில்லை.

பயம். அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் ஆசையாக ஒன்றைத் திறந்தாள். முதல் அத்தியாயத்திலேயே கதவிடுக்கில் ஒரு கை. பட்டென்று மூடியவள், அதற்கப்புறம் பட்டப்பகலில் குளிக்கப் போனாலும் அவரை வெளியே காவலுக்கு நிறுத்தினாள்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆகவேண்டும் என்பார்கள். இவள் ஏறாமலே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

எப்படி என்றால், அவள் வேலை பார்த்தது ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வரவேற்பு மேசையில். காத்திருப்பவர்களுக்காக எல்லா வாரப் பத்திரிகையும் அங்கே வரும். புது நாவல் கைக்கு வந்ததும், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று இரண்டு வாரத்தைக் கடத்துவாள். அதற்குள் எதிலாவது விமர்சனம் வந்துவிடும். கதை இன்னது, எந்த இடம் பிரமாதம், எந்த இடம் சொதப்பல், எல்லாம் அதில் இருக்கும். பயம் மட்டும் இருக்காது. சாயங்காலம் டீ கொடுக்கும்போது அதையே தன் வாயால் சொல்லிவிடுவாள்.

அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை தோற்றான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசே வரவில்லை.

அதுவும் போதாதென்று, ஒவ்வொரு நாவலின் முதல் பக்கத்திலும் 'என் முதல் வாசகிக்கு' என்று வேறு போட்டுவிடுவார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவள் எல்லா நாவலிலும் படித்திருக்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி என்ன, இவள் சொந்தமாகச் சொன்னதென்று அவர் நம்பிய அத்தனையும் வரிக்கு வரி அந்தப் புத்தகத்தில் அச்சாகிக் கிடக்கிறது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கோபிக்கத் தெரியாத மனுஷன், அந்த முகம் வாடிப்போகுமே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

கிணற்றுக் காட்சியில் மயிர் அல்ல, எலும்பே கூச்செறிகிறது என்று முதல் விமர்சனத்திலேயே வந்தது. போச்சுடா என்று நினைத்தாள். அவள் டீயோடு கொடுத்த அதே வார்த்தை.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. நன்றாக எழுதியிருக்கிறான் பயல் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, பிரித்து, மறுபடியும் நாலாக மடித்தாள்.

பக்கங்கள் போய்க்கொண்டே இருந்தன. மூடிக்கிடக்கும் சினிமா கொட்டகையைப் பற்றிய நாவல் வந்தது. செத்துப்போன காவலாளி பேயாகத் திரும்பி வருகிறான், ஊரே தலைதெறிக்க ஓடுகிறது, அவன் வளர்த்த நாய் மட்டும் ஓடிவந்து அவனைப் பார்த்து வாலாட்டுகிறது, இந்த இடத்தில் பயம் போய்க் கண்ணீர் வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார் விமர்சகர்.

இத்தனை பொய்க்கு நடுவில் அவள் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அந்த விமர்சனத்தைப் படித்துவிட்டு வரவேற்பு மேசையிலேயே அழுதாள். உங்களுக்கும் பல் வலியா என்று ஒரு நோயாளி அக்கறையாக விசாரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் இவரிடம் நாயைப் பற்றிச் சொல்லும்போது திரும்பவும் கண் கலங்கிவிட்டது.

விமர்சனத்துக்குக் கீழே பதிப்பாளர் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு போட்டிருந்தார். அதையும் அவர் அதே குரலில் வாசித்தார்.

விமர்சகர் வேறு ஏதோ நாவலை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டார். முதல் பதிப்பில் நாயே கிடையாது. இரண்டாம் பதிப்பில்தான் ஆசிரியர் இந்தக் காட்சியை எழுதிச் சேர்த்தார். ஏன் என்று கேட்டோம், சிரித்தார்.

அவள் கை நின்றுவிட்டது.

இரண்டாம் பதிப்பு வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் வந்த நாவல்களிலும் முதல் பக்கம் மாறவே இல்லை. அவளும் ஒவ்வொன்றுக்கும் டீயோடு போய் நின்று, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறாள். அவரும் ஒவ்வொரு தடவையும் அதே பூரிப்போடு கேட்டிருக்கிறார்.

"ஏங்க, அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

அவர் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். குவியலிலிருந்து ஒரு துண்டை இழுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நீ அழுதேன்னு சொன்னியே. இல்லாத நாய்க்காக உன்னை அழவிட்டுட்டு நான் எப்படிச் சும்மா இருக்கிறது?"