பெயர், நேரம், கையெழுத்து

"ஏம்மா, பேரை எழுதாம எங்கன போற?"

கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரத்தினசாமி அதட்டினார்.

"எழுதாமப் போவேனா மொதலாளி? ஒங்க பேனாவுல மை தீந்துபோச்சு. அதான் எம்பேனாவை எடுக்கேன்" என்றாள் வள்ளித்தாய்.

ஆமத்தூருக்குப் பக்கத்தில் கண்மாய்க் கரையை ஒட்டி ரத்தினசாமி பங்களா கட்டி மூன்று வருடம் ஆகிறது. பட்டாசுக் கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிக்க வந்தவர். வாசலில் பித்தளை எழுத்தில் 'லேக் வியூ' என்று பெயர். கண்மாயில் தண்ணீர் கிடப்பது வருடத்துக்கு நாலு மாதம். மீதி எட்டு மாதம் அவர் சீமைக் கருவேலத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

ஊர் ஜனங்கள் கண்மாய்க்குப் போகிற பாதை அவர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் போனது. இரண்டு பக்கமும் நம் இடம், நடுவில் மட்டும் ஊர்க்காரனா என்று அதற்குக் கேட் மாட்டிவிட்டார். சுற்றிப் போனால் இரண்டு மைல். பட்டாசு வேலை முடிந்து உடம்பெல்லாம் அலுமினியப் பொடியோடு வருகிறவர்கள் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் முங்கி எழ அந்தக் கண்மாயை விட்டால் வேறு இடமில்லை. அதனால் கேட்டைத் தள்ளினார்கள், கத்தினார்கள். இவரும் பதிலுக்குக் கத்தினார்.

இந்த வருடம் மழை பெய்து கண்மாய் நிறைந்ததும்தான் அதிசயம் நடந்தது. வள்ளித்தாயும் இன்னும் பத்துப் பேரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இனிமே சண்டை வேணாம் மொதலாளி. நீங்க என்ன சட்டம் வைக்கீகளோ, அதுக்குக் கட்டுப்படுதோம்."

ரத்தினசாமிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உடனே சட்டம் வைத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சத்தமாகப் பேசக்கூடாது. அவரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். குளிக்கப் போகிறவர்கள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்றும் ஒன்று சேர்த்தார். பட்டாசுக் கம்பெனியில் நாற்பது வருடப் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது. கடைசியாக, கம்பெனி வாசலில் வைத்திருந்தது போலவே ஒரு நீள நோட்டு. 'கண்மாய்க்கு நடந்து செல்வோர் பதிவேடு' என்று தன் கையாலேயே தலைப்பு எழுதினார். பெயர், நேரம், கையெழுத்து. தினமும் சாயங்காலம் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, பழைய கம்பெனி சீலும் குத்தினால்தான் அவருக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

வள்ளித்தாய் நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் எழுதிவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

"பாத்தியா? ஒரு நோட்டைப் போட்டதும் ஊரே மனுசனாயிருச்சு" என்றார் ரத்தினசாமி, காபி கொண்டுவந்த மனைவி சொர்ணலட்சுமியிடம்.

"எனக்கென்னமோ சரியாப் படலைங்க. அந்தச் சங்கையாவுக்குக் காலே வராது. அவரு எதுக்குக் கம்பை ஊனிக்கிட்டு தினம் ரெண்டு தடவை வந்து கையெழுத்துப் போடுதாரு?"

"மரியாதைடீ. மரியாதை தெரிஞ்ச மனுசன். ஒனக்கு எங்க அது தெரியப் போகுது?"

அடுத்த வாரம் தாசில்தாரம்மா வந்தார். பாதையை ஒரேயடியாக அடைத்துச் சுவர் எழுப்ப ரத்தினசாமி மனுக் கொடுத்திருந்தார். வரப்போவது சுவர் என்று தெரிந்தும் வள்ளித்தாய் சத்தம் போடாமல் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றாள். சங்கையாவும் வந்திருந்தார்.

தாசில்தாரம்மா கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மேஜை முன்னால் உட்கார்ந்து மனுவை வாசித்தார். "'மேற்படி பாதையில் பல வருடங்களாக ஒருவரும் நடப்பதில்லை. புழக்கத்தில் இல்லாத பாதை என்பதால் சுவர் கட்ட அனுமதிக்க வேண்டும்.' ஒங்க மனுதானே?"

"ஆமாங்கம்மா. ஒரு ஈ, காக்கா நடக்காது. புல்லு மொளைச்சுக் கெடக்கு" என்றார் ரத்தினசாமி. தன்னிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போவதெல்லாம் நடப்பதில் சேராது என்பது அவர் நினைப்பு.

தாசில்தாரம்மா வள்ளித்தாயைப் பார்த்தார். "போன வருசம் கேட்டை எடுக்கச் சொல்லி நீங்க மனுக் கொடுத்தப்பவே கேட்டேன். இந்தப் பாதையில நீங்க நடக்குறதுக்கு எழுத்துல எதாவது ஆதாரம் வேணும். வாய்ப்பேச்சு செல்லாது. இப்பவாவது இருக்கா?"

"எங்ககிட்ட இல்லீங்கம்மா" என்றாள் வள்ளித்தாய்.

ரத்தினசாமி மீசைக்குள் சிரித்தார்.

"மொதலாளிகிட்டதான் இருக்கு. மூணு நோட்டு நெறைஞ்சு, இப்ப நாலாவது நடக்குது. பக்கத்துக்குப் பக்கம் அவுக கையெழுத்து, அவுக கம்பெனி சீலு. நீங்க முழங்கையை ஊனியிருக்கீகளே, அதுதாம்மா."

தாசில்தாரம்மா கையை எடுத்து, நோட்டைத் திறந்து, தலைப்பைச் சத்தமாக வாசித்தார்.

"அது... அது நானா வச்ச நோட்டு!" என்று பதறினார் ரத்தினசாமி.

"நீங்களாத்தான் வச்சீக மொதலாளி, நாங்க ஒரு வார்த்தை கேக்கலையே" என்றாள் வள்ளித்தாய், சட்டப்படி சத்தம் உயராமல். "ஒங்க கம்பெனியில இருவது வருசம் திரி சொருகுனவ நான். மொகம்தான் ஒங்களுக்கு ஞாபகம் இல்லை. கையைக் கட்டிக்கிட்டு நின்னா நீங்க நோட்டைத்தான் நீட்டுவீகன்னு எனக்குத் தெரியாதா?"